காணிக்கு எழுதும் பவர், ஆஸ்பத்திரியில் செல்லுமா?

'எனக்கு 67 வயது. மீஞ்சூர் பக்கம் ஒரு காணி நெல் வைக்கிறேன். மகன் எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். மகளை ராயபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் நினைவு தப்பிக் கிடந்தபோது, "மெஷினை எடுத்துவிடலாம்" என்று ஒரு மகனும், "கூடவே கூடாது" என்று இன்னொரு மகனும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சண்டை போட்டார்கள். மாட்டை விற்றார்கள், நிலத்தை அடகு வைத்தார்கள். கடைசியில் அவரும் போய்விட்டார். எனக்கு அப்படி ஆகக் கூடாது. மகள் பேரில் பவர் எழுதி வைத்தால் போதுமா?'

திருவள்ளூர் மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி இது. பதில்: போதாது.

பவர் ஏன் உதவாது?

நிலத்தை விற்க, பட்டா மாற்ற, வங்கிக்குப் போய்வர பவர் பத்திரம் உதவும். ஆனால், எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ அது பொதுவாக முடிந்துவிடும். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவு இதைச் சொல்கிறது. அதாவது, நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பவர் கைவிட்டுவிடும்.

என்ன எழுத வேண்டும்?

இதற்கென்றே 'முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம்' இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9-ல் இதை ஏற்றது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றது. முதலில், ஆவணத்தில் மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை 2023 ஜனவரி 24 தீர்ப்பு குறைத்துவிட்டது. இப்போதைய முறை இதுதான்:

● 18 வயது நிறைந்து, தெளிந்த மனதோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும்.

● பிழைக்க வழியில்லாத நிலையில் எந்த சிகிச்சை வேண்டாம், எப்போது நிறுத்தலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

● உங்களால் பேச முடியாதபோது சம்மதம் சொல்லும் உறவினர் அல்லது பாதுகாவலர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேலும் எழுதலாம்.

● இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும்.

● ஒரு நகலை ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில் இதற்கான அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். பெயர் எழுதப்பட்டவரிடமும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஆளுக்கொரு நகல் இருக்கட்டும்.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம்.

மகள் சொன்னால் உடனே நிறுத்திவிடுவார்களா?

மாட்டார்கள். சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பார்க்கும். அதன்பின் வேறு டாக்டர்கள் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முன்பு மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போகும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். எனவே, சொத்துக்காக யாரும் அவசரப்படுத்திவிட முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த ஆவணம், குணமாக வாய்ப்பில்லாத கடைசிக் கட்டத்துக்கானது. பாம்புக் கடிக்கும், லாரி விபத்துக்கும், தொழிற்சாலை வாயுக் கசிவுக்கும் வழக்கமான அவசர சிகிச்சை கிடைக்கும். இதைக் காட்டி யாரும் அதை மறுக்க முடியாது.

யார் பெயரை எழுதுவது?

மூத்த பிள்ளை என்பதற்காகவே எழுதாதீர்கள். போன் அடித்தால் எடுப்பவர், சீக்கிரம் வந்து சேரக்கூடியவர், சொந்தபந்தம் சத்தம் போட்டாலும் உங்கள் விருப்பத்தையே பேசுபவர் வேண்டும். லாரியில் வெளியூர் போனவரும், காசிமேட்டிலிருந்து படகில் கடலுக்குப் போனவரும் அன்றைக்கு வந்து சேர முடியாமல் போகலாம். அதனால் இரண்டாவது பெயரும் அவசியம்.

இந்த வாசகருக்கு மகள் சரியான தேர்வாகவே தெரிகிறார். ஆனால், நோட்டரியிடம் போவதற்கு முன்பு மகனையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். 'தங்கச்சியிடம் ஏன் கொடுத்தார்?' என்ற கேள்வி ஆஸ்பத்திரி வராந்தாவில் எழக் கூடாது. அதற்கான பதிலை உங்கள் வாயாலேயே, உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சொல்லிவிடுங்கள்.