படியேறும் பொழுது

பழனி மலையின் 693 படிகளை வைகறையில் ஏறுவோரும் உளர். வெயில் தாழ்ந்தபின் ஏறுவோரும் உளர். ஒவ்வொரு படியிலும் தன் எடை முழுவதையும் ஒற்றைக் காலால் மேலே தூக்குவது தொடைத் தசைக்கு நல்ல வலிமைப் பயிற்சி. தோளில் காவடியும் இருந்தால் சொல்ல வேண்டுவதில்லை. படி மாறுவதில்லை, சுமை மாறுவதில்லை. சுமையை ஏற்கும் உடல்தான் பொழுதுக்குப் பொழுது மாறிவிடுகிறது.

மூளையின் அடிப்புறத்தில், இரு கண்ணரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கூடிய சிறு தொகுதி ஒன்று உண்டு. உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே. விடியலின் ஒளியைக் கொண்டு அது நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. தசைக்கும் கல்லீரலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உள. அவை உண்ணும் வேளையையும் உழைக்கும் வேளையையும் நோக்கி நடப்பவை.

இவ்வுயிர்க்கடிகாரத்தை ஆயும் துறையில், பழனி மலைத்தொடரின் கிழக்கே உள்ள மதுரைக்கு ஒரு பெருமை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் பொழுதுணர்வை ஆய்ந்தார். பின்னர் மனிதரையும் ஆய்ந்தார். வெளியொளியும் கடிகாரமும் இல்லாத தனியறையில் தன்னார்வலர்கள் பல நாள் வாழ்ந்தனர். அவர்தம் உறக்கமும் விழிப்பும் ஊர்ப்பொழுதை விட்டு விலகித் தம் போக்கில் ஓடின. செருமனியின் ஆண்டெக்சில் இவ்வாறு வாழ்ந்தோரிடம், விழித்திருக்கும் காலம் நீண்டபோது இரு உணவுக்கு இடைப்பட்ட நேரமும் உடன் நீண்டது. பசி வயிற்றின் வெறுமையை மட்டும் கணக்கிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 2013இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வு இன்னும் நுட்பமானது. உணவு, உறக்கம் ஆகியவற்றின் தாக்கத்தைப் பிரித்து நீக்கிப் பார்த்தபோது, உயிர்க்கடிகாரம் ஒன்றினாலேயே பசி காலை எட்டு மணியளவில் மிகத் தாழ்ந்தும் இரவு எட்டு மணியளவில் மிக உயர்ந்தும் நின்றது.

தசை வலிமையும் பிற்பகலிலும் மாலையிலுமே உச்சம் அடைகிறது. உடலின் உள்வெப்பம் அப்பொழுது உயர்ந்திருப்பது ஒரு காரணம். வெப்பமான சூழலில் சோதித்தபோது காலைக்கும் மாலைக்கும் இடையிலான வேறுபாடு மங்கியது. ஆகவே அடிவாரத்துப் பழனியின் வெம்மையில் காலைப் பயிற்சி அவ்வளவாகத் தளராது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலின் மார்கழிக் குளிரில் படுக்கையை விட்டெழுந்தவுடன் எடை தூக்குவோர்க்கு வேறுபாடு நன்கு புலப்படும் எனக் கொள்ளலாம். அங்கே உடலைச் சூடேற்றும் முன்பயிற்சியைச் சற்று நீட்டுவதே முறை.

கடும் பயிற்சி பசியைச் சிறிது நேரம் அடக்குகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோவில் 2009இல் வெளியான ஆய்வில், எடை தூக்கிய இளைஞரிடம் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் குறைந்தது, ஓடியவரிடமும் குறைந்தது. காலையில் தாழ்ந்திருக்கும் பசியை மேலும் தாழ்த்துவதைவிட, மாலையில் பொங்கிவரும் பசிக்கு முன்னே இத்தடுப்பை வைப்பது அளவுக்கு மீறி உண்போர்க்குப் பொருந்தலாம். இது என் உய்த்துணர்வேயன்றி நிறுவிய முடிவன்று.

சர்க்கரையின் கணக்கு வேறு. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் வந்து தட்டாமலே குருதியிலுள்ள குளுக்கோசுக்குக் கதவு திறக்கிறது. உழைப்பு ஓய்ந்தபின்னும் பல மணி நேரம் அதனை விரும்பி ஏற்கிறது. விருப்பாச்சி வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் குழைத்த பஞ்சாமிர்தத்துக்குப் படியேறிய தசையைவிடத் தக்க கொள்கலம் இல்லை! ஆனால் வகை இரண்டு நீரிழிவுடைய ஆடவர் பதினொருவரை ஸ்டாக்ஹோமில் ஆய்ந்தபோது, விட்டுவிட்டுச் செய்யும் கடும் பயிற்சி பிற்பகலில் குருதிச் சர்க்கரையைத் தணித்தது, காலையிலோ ஏற்றியது. அது எடைப் பயிற்சியன்று, ஆய்வும் சிறிது. எனினும் புறக்கணிக்கத் தக்கதன்று.

எல்லோர்க்கும் பொழுதைத் தேரும் உரிமை இல்லை. பூம்பாறை, மன்னவனூர்ச் சரிவுகளில் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் மூட்டையாய்த் தோளேறுவது மஞ்சு இறங்கும் முன்னர். உயிர்க்கடிகாரத்தை அங்கு யாரும் கேட்பதில்லை. கேளாமலே அது இணங்கிவிடுகிறது என்பதுதான் வியப்பு. பல வாரம் காலையிலேயே பயில்வோரிடம் காலை வலிமை வளர்ந்து, மாலையோடுள்ள இடைவெளி சுருங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்தப் பொழுது என்பதைவிட, நாள்தோறும் அதே பொழுதா என்பதற்கே நான் கூடுதல் மதிப்பெண் அளிப்பேன்.

நீரிழிவுக்கு மருந்துண்போர் மட்டும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் குருதிச் சர்க்கரையை அளந்து, தம் மருத்துவரைக் கேட்டபின் பொழுதைக் குறித்துக்கொள்க.