கினி பிக்கின் குடல் நிற்கக் கூடாது

ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே "வீக், வீக்" என்று கத்துகிற கினி பிக், ஒரு நாள் கொத்தமல்லித் தழையை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்க் குறுகி உட்கார்ந்துவிடுகிறது. ரோமம் சிலிர்த்து நிற்கிறது. கூண்டில் புழுக்கை குறைந்திருக்கிறது. இருப்பதும் சிறுத்துக் காய்ந்து கிடக்கிறது. "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நல்ல உடல்நிலையில் உள்ள நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். கினி பிக் அரை நாள் சாப்பிடாவிட்டாலே அவசரம்தான்.

ஏன் இத்தனை அவசரம்? கினி பிக்கின் முன்னோர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியில் புல் மேய்ந்தவை. புல்லில் உள்ள நாரைச் செரிக்க நுண்ணுயிரிகளின் உதவி வேண்டும். மாட்டுக்கு அவை இரைப்பையில் இருக்கின்றன. கினி பிக்குக்கோ சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் பெரிய பை ஒன்று உண்டு. அதில்தான் அந்த நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. நார் உள்ளே வந்துகொண்டே இருந்தால்தான் குடல் நன்றாக அசையும். வருவது நின்றால் குடல் மந்தமாகும். உள்ளே இருப்பது இறுகும், வாயு சேரும், வயிறு வலிக்கும். வலித்தால் இன்னும் சாப்பிடாது. நல்ல நுண்ணுயிரிகள் குறைந்து, கெட்டவை பெருகத் தொடங்கும். முதலில் வந்தது வெறும் பல்வலியாக இருந்தாலும், பட்டினியே இரண்டாவது நோயாகிவிடுகிறது.

பல்வலி என்றேன் அல்லவா? கினி பிக்குக்கு 20 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த புல்லை மென்று மென்று தேய்த்தால்தான் அளவாக இருக்கும். தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து, நாக்கின்மேல் பாலம் போட்டதுபோல் வளர்ந்துவிடும். பசி இருக்கும், விழுங்கத்தான் முடியாது.

கினி பிக் சாப்பிடாமல் போக வைட்டமின் சி குறைவதும் ஒரு காரணம். நம்மைப் போலவே இதனாலும் அந்த வைட்டமினை உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. 1907இல் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற நார்வே அறிவியலாளர்கள் கினி பிக்குகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்தபோது, கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. வைட்டமின் சி எது என்று பின்னால் கண்டுபிடிக்க இந்தச் சின்ன விலங்குதான் வழிகாட்டியது. அதனால் தினமும் குடைமிளகாய்த் துண்டு கொடுங்கள். எப்போதாவது கொய்யாவும் கொஞ்சம் கொடுக்கலாம்.

சாப்பிடாத கினி பிக்கை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நம் உயிரைக் காப்பாற்றுகிற பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், குடலின் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து கினி பிக் இறந்தே போகலாம்.

மருத்துவர் சொன்னால் வீட்டில் ஊட்ட வேண்டியிருக்கும். வயிறு உப்பி இறுகியிருந்தால் அவரிடம் காட்டும்வரை ஊட்டக் கூடாது. கினி பிக் தீவன உருண்டைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் எடுங்கள். பெரியவர் ஒருவர் கினி பிக்கைத் துண்டில் சுற்றி, நிமிர்ந்த நிலையில் பிடித்துக்கொள்ளட்டும். மல்லாக்கப் போட்டால் கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சிரிஞ்சின் நுனியை முன்பற்களுக்குப் பின்னால், வாயின் பக்கவாட்டில் வைத்துத் துளித்துளியாகத் தள்ளுங்கள். தாடை அசைந்து மெல்வதைப் பாருங்கள். விழுங்கிய பிறகே அடுத்த துளி. இரவிலும் எழுந்து ஊட்ட வேண்டியிருக்கும். பொறுமை வேண்டிய வேலை இது.

தினமும் ஒரே நேரத்தில் டிஜிட்டல் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். நோயை வெளிக்காட்டாமல் மறைக்கிற விலங்கு இது. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் பிடித்துத் தின்ன யாராவது வந்துவிடுவார்கள். ஆனால் எடையை அதனால் மறைக்க முடியாது. புழுக்கை பழையபடி பருத்து விழ ஆரம்பித்தால் குடல் அசைகிறது என்று அர்த்தம். தானாகப் புல் கடிக்கத் தொடங்கியதும் சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடை ஏற ஏற, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஊட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.