பாறுகள் மறைந்தபோது: உயிரினப் பன்மையும் இயற்கையின் நிலைபேறும்

ஓர் உயிரினம் அருகி வருகிறது என்னும் செய்தியை நாளேட்டில் படிக்கும்போது நம்முள் எழுவது பெரும்பாலும் இரக்க உணர்வே. அழகியதொரு பறவையை நம் பேரப் பிள்ளைகள் காண இயலாதே என வருந்துகிறோம். பின்னர் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அவ்விழப்பு நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரக்கூடும் என்று நாம் எண்ணுவதில்லை. உலகில் இத்துணை வகை உயிர்கள் எதற்காக? அவற்றுள் சில குறைந்தால் இயற்கையின் இயக்கத்திற்கு என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்டுள்ள விடையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் சொற்பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓரிடத்தில் வாழும் செடிகொடிகள், விலங்குகள், பறவைகள், பூச்சிகள், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள், அவற்றுக்கு ஆதாரமான மண், நீர், காற்று ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்கும் அமைப்பைச் சூழல் மண்டலம் என்கிறோம். வறட்சி, வெள்ளம், நோய் முதலிய இடர்கள் நேரும்போது அம்மண்டலம் தன் பணிகளைப் பெரிதும் இழக்காமல் தாங்குவதையும், இழந்தவற்றை விரைவில் மீட்டுக்கொள்வதையும் நிலைபேறு என்னும் சொல்லால் குறிக்கிறோம்.

அறிஞரிடையே எழுந்த கருத்து வேறுபாடு

உயிரினங்கள் பலவாக இருக்குமிடத்தில் நிலைபேறு மிகுதி என்னும் கருத்தை 1958இல் வலியுறுத்தியவர் இங்கிலாந்துச் சூழலியலறிஞர் சார்லஸ் எல்டன். ஒரே பயிர் விளையும் வயல்களைப் பூச்சிகள் பெருந்திரளாகத் தாக்குகின்றன. சிறு தீவுகளில் வெளியிலிருந்து புகும் உயிரினங்கள் எளிதாகக் காலூன்றி விடுகின்றன. இத்தகைய சான்றுகளைக் கொண்டு, எளிய அமைப்புகள் எளிதிற் குலையும் என்று அவர் வாதிட்டார்.

ஆனால் 1972இல் ராபர்ட் மே என்னும் அறிஞர் கணித வழியில் இதனை ஆராய்ந்து, நேர்மாறான முடிவை வெளியிட்டார். இனங்களும் அவற்றிடையேயான பிணைப்புகளும் தற்செயலாக அமைந்தால், அவை பெருகப் பெருக அமைப்பின் உறுதி குறையும் என்பதே அவர் கண்ட முடிவு. எனவே எண்ணிக்கை மிகுந்தால் மட்டும் உறுதி வந்துவிடாது. உண்மையான இயற்கையில் அவ்வினங்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைக் காண வேண்டும் என்றாயிற்று. வழக்கு, தாளிலிருந்து வயலுக்குச் சென்றது.

புல்வெளி தந்த சான்று

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடார் கிரீக் என்னுமிடத்தில் டேவிட் டில்மன் என்பாரும் அவருடைய குழுவினரும் 1982 முதல் 207 புல்வெளிப் பாத்திகளை ஆண்டுதோறும் அளந்து வந்தனர். சில பாத்திகளில் பல்வகைப் புற்களும் செடிகளும் இருந்தன. சிலவற்றில் ஒன்றிரண்டு இனங்களே இருந்தன. 1987, 1988ஆம் ஆண்டுகளில் கடும் வறட்சி நேர்ந்தது. இனங்கள் மிகுந்த பாத்திகளில் விளைச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இனங்கள் குறைந்த பாத்திகளிலோ, அது எட்டில் ஒரு பங்கினும் கீழே சென்றது. மீண்டெழவும் நெடுங்காலம் பிடித்தது. இம்முடிவு 1994இல் வெளியாயிற்று.

இதற்கு மறுப்பும் எழுந்தது. அப்பாத்திகளில் இனங்கள் குறைந்ததற்கு அவற்றில் இட்ட உரமே காரணம். ஆகவே வறட்சியைத் தாங்காமைக்கும் உரத்தின் விளைவே காரணமாகலாம் அன்றோ என்று கேட்டனர். இம்மறுப்பு நியாயமானதே. ஆதலின் 1994இல் புதிய சோதனை தொடங்கப்பெற்றது. 168 பாத்திகளில் 1, 2, 4, 8, 16 என்ற எண்ணிக்கையில் இனங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து விதைத்தனர். பத்தாண்டு அளவீட்டின் முடிவு 2006இல் வெளிவந்தது. இனங்கள் மிகுந்த பாத்திகளின் மொத்த விளைச்சல் ஆண்டுக்காண்டு குறைவாகவே ஏறி இறங்கியது. ஆயினும் அதே பாத்திகளில் தனித்தனி இனம் ஒவ்வொன்றின் விளைச்சலும் அதிகமாக ஏறி இறங்கியது. உறுப்புகள் அலைபாய, முழுமை நிலைத்து நின்றது. எல்டன், மே ஆகிய இருவர் கூற்றிலும் உண்மையுண்டு என்பதை இது காட்டுகிறது.

இஃது எவ்வாறு இயல்கிறது? நம் மானாவாரி உழவரின் பழைய வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் விளங்கும். அவர்கள் சோளத்தோடு துவரையையும் தட்டைப்பயறையும் கலந்து விதைப்பர். மழை முன்கூட்டியே நின்றுவிட்டால் மேல்மண்ணின் ஈரத்தை நம்பிய பயிர் வாடும். ஆழ வேரோடும் துவரை தாக்குப்பிடிக்கும். ஒன்று பின்வாங்கும்போது அது உண்டிருக்கக்கூடிய நீரும் சத்தும் மற்றொன்றுக்குக் கிட்டுகின்றன. இயற்கையிலும் அவ்வாறே. ஒரே பணியைச் செய்யும் பல இனங்கள் இடருக்கு வெவ்வேறு விதமாக ஈடுகொடுப்பதால் பணி நின்றுபோவதில்லை. இவ்வேறுபாடே பன்மையின் உயிர்நாடி.

மூன்று இனம், ஒரே நஞ்சு

அவ்வேறுபாடு இல்லாதபோது என்ன நேரும் என்பதை நம் நாட்டுப் பாறுகள் காட்டின. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் அருவருப்போடு அழைத்துவந்த பறவையே பாறு. இறந்த மாட்டின் உடலைப் பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கி விடும். அதன் இரைப்பை அமிலம் நோய்க்கிருமிகள் பலவற்றை அழிக்கவல்லது. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, ஒல்லியான அலகுடைய பாறு ஆகிய மூன்று இனங்கள் கோடிக்கணக்கில் இருந்து இப்பணியைச் செய்துவந்தன.

1990களில் இவை மடியத் தொடங்கின. பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இவ்வீழ்ச்சியைப் பதிவு செய்தார். தொற்றுநோய் என்றே முதலில் ஐயுற்றனர். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, பாகிஸ்தானில் செய்த ஆய்வின் வாயிலாக உண்மையை வெளிப்படுத்தியது. கால்நடைகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம். அம்மருந்து எஞ்சிய சடலத்தை உண்ட பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இத்தகைய அழிவுக்குப் போதும் என்றும் கணக்கிட்டனர். 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடும், ஏனைய இரண்டும் ஏறத்தாழ 97 விழுக்காடும் குறைந்தன.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எண்ணிக்கையில் இனங்கள் மூன்று. ஆனால் அந்நஞ்சின் முன் மூன்றும் ஒன்றே. ஈடுகொடுக்கும் வேறுபாடு அவற்றிடையே இல்லாமையால் ஒன்றின் பணியை மற்றொன்று ஏற்க இயலவில்லை.

வெற்றிடத்தை நிரப்பியவை தெருநாய்களும் எலிகளும். நாய்கள் சடலத்தை முழுமையாகத் தின்பதில்லை, வெறிநோயையும் பரப்புகின்றன. அழுகிய உடல்கள் நீர்நிலைகளை மாசுபடுத்தின. இறந்தோர் உடலை மௌன கோபுரங்களில் பறவைகளுக்கு அளித்துவந்த மும்பைப் பார்சிகள், கதிரவன் ஒளியைக் குவிக்கும் கருவிகளை நாட வேண்டியதாயிற்று. பாறுகளுக்கு ஏற்ற மாவட்டங்களையும் ஏனையவற்றையும் ஒப்பிட்டு ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலறிஞர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2000 முதல் 2005 வரை பாறுகளின் மறைவால் ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாக மாய்ந்தன என்பது அவர்களின் மதிப்பீடு. அருவருப்புக்குரியதாக நாம் கருதிய பறவை எத்தனை இல்லங்களைக் காத்து நின்றது என்பது, அது போன பின்னரே தெரியவந்தது.

நம் கடமை

2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் பயன்படுத்துவதைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டமையால், 2015இல் அவற்றின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. தென்னகத்தில் எஞ்சியுள்ள பாறுகளின் முதன்மையான வாழிடங்களுள் ஒன்று நம் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கு. அதனைச் சூழ்ந்த ஊர்களில் மாடு வளர்ப்போர், மருத்துவரிடம் எம்மருந்து என்று கேட்டறிவதும் பாறுகளைக் காக்கும் செயலே. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இப்பறவை மீண்டும் பெருகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எவ்வினம் எப்பணியைத் தாங்கி நிற்கிறது, எவ்விடருக்கு எது ஈடுகொடுக்கும் என்பதை முன்கூட்டியே அறியும் ஆற்றல் நமக்கு மிகக் குறைவு. ஆதலின், பயனற்றது என்று தோன்றும் உயிரையும் அழியவிடாமல் காப்பது அறிவுடைமையாகும். பாறுகள் பற்றிய பாடத்திற்கு நாம் கொடுத்த விலை பெரிது. அடுத்த பாடத்திற்கும் அவ்வாறே விலை கொடுக்கப் போகிறோமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.