வலிக்கு ஒரு சாட்சி

வழுக்கி விழும் ஒருவர் கையை ஊன்றுகிறார். மணிக்கட்டு எலும்பு முறிகிறது. மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரங்களில் எலும்பும் கூடிவிடுகிறது. ஆனால் வலி போகவில்லை! கை வீங்கிச் சிவக்கிறது. துணி உரசினாலே எரிகிறது. எக்ஸ்ரே படத்திலோ புதிதாக ஒன்றும் தெரியவில்லை. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லிவிட்டால் அவர் பாடு என்ன ஆகும்?

இது பிரமை அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) குண்டடிபட்ட வீரர்களிடம் இத்தகைய எரிவலியைக் கண்டு எழுதிவைத்தார் சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர். இன்று இவ்வகை நோயைச் சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். என்கிறார்கள்.

இதைக் கண்டறிய உதவும் சோதனைகளுள் ஒன்று எலும்பு ஸ்கேன். எலும்பு உயிருள்ள பொருள். அது ஓயாமல் கரைந்து, மீண்டும் கட்டப்படுகிறது. கட்டட வேலை மும்முரமாக நடக்கும் இடத்துக்குத்தானே செங்கல் வண்டிகள் அதிகம் போகும்? அதுபோல, எலும்பில் ஒட்டும் பாஸ்பேட் வகைச் சேர்மம் ஒன்றில் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, சிரையில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். இம்முறையை 1971-இல் அமெரிக்காவில் சுப்பிரமணியன், மக்கஃபி ஆகியோர் அறிமுகப்படுத்தினர். டெக்னீஷியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி. அப்படியானால் 24 மணி நேரத்தில் அதில் பதினாறில் ஒரு பங்குதானே மிஞ்சும்?

எக்ஸ்ரே வெளியிலிருந்து உடலை ஊடுருவுகிறது. இங்கோ கதிர்கள் உடலுக்குள்ளிருந்து வெளிவருகின்றன. காமா கேமரா அவற்றைப் படமாக்குகிறது. படங்கள் மூன்று கட்டமாக எடுக்கப்படும். முதல் நிமிடத்தில் இரத்த ஓட்டம். அடுத்த சில நிமிடங்களில் திசுக்களில் தங்கிய இரத்தம். 2 முதல் 4 மணி நேரம் கழித்து எலும்பு.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மட்டும் மறைவான முறிவு இருந்தால், மூன்றாம் படத்தில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். சி.ஆர்.பி.எஸ். என்றாலோ, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை பல மூட்டுகளைச் சுற்றிலும் ஒளி பரவியிருக்கும். எக்ஸ்ரே காணாத வலிக்கு இதோ ஒரு சாட்சி!

ஆனால் சாட்சி எப்போதும் வருவதில்லை. நோய் தொடங்கிப் பல மாதங்கள் சென்றபின் ஸ்கேன் இயல்பாகவே தோன்றக்கூடும். அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நோயாளி சொல்வதைக் கேட்டு, கையின் நிறம், வெப்பம், வீக்கம், அசைவு ஆகியவற்றைச் சோதித்தே மருத்துவர் முடிவு செய்கிறார். விரைவில் கண்டுபிடித்துக் கைப்பயிற்சியைத் தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. எனவே, ஆறிய காயம் இன்னும் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் நகைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.