பொதுவில் வைத்த அறிவு

நுழையும்முன்

கல்லூரியில் இடம் கிடைப்பது கல்வியின் முதல் வாயில். நூல் கிடைப்பது இரண்டாம் வாயில். முதல் வாயிலைக் கடந்த மாணவர் பலர் இரண்டாம் வாயிலில் தடுக்கப்படுகின்றனர். விலை, மொழி, சட்டம் ஆகிய மூன்றும் அங்கே தடைகளாக நிற்கின்றன. இத்தடைகளை நீக்க உலகம் கண்ட வழிகளுள் ஒன்று, திறந்த கல்வி வளங்கள். அவற்றின் இயல்பையும் அவ்வழியில் தமிழகம் முன்னரே எடுத்துவைத்த ஓரடியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கடலும் அளமும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது, சதுரம் சதுரமாகப் பகுக்கப்பட்ட உப்புப் பாத்திகள் கண்ணில் படும். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இக்கடலோர ஊர், நெய்தல் நிலத்தின் தொன்மையான தொழிலொன்றை இன்றும் பேணி வருகிறது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூராகவோ இதனை அடுத்த பகுதியாகவோ இருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர்.

கடல்நீர் எவருடைய தனியுடைமையும் அன்று. ஆயினும் அது தானே உப்பாகிவிடுவதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றைப் பிரித்தெடுக்க வரப்பு கட்ட வேண்டும். உவர்நீரைப் பாய்ச்ச வேண்டும். கோடை வெயிலில் நின்று வாரிக் குவிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் தொழில் நின்றுவிடும். மூலப்பொருள் பொது, அதனைப் பயன்பொருள் ஆக்குவது உழைப்பு.

அறிவின் நிலையும் இத்தகையதே. எண்ணும் எழுத்தும், இயற்கையின் விதிகளும், முன்னோர் தேடிவைத்த உண்மைகளும் எல்லாருக்கும் உரியவை. அவற்றைத் தெரிந்தெடுத்து, வரிசைப்படுத்தி, மாணவர்க்கு விளங்குமாறு எழுதுவது உழைப்பு. அவ்வுழைப்புக்கு மதிப்பும் வேண்டும். அதன் பயன் எல்லாரையும் அடையவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காக்க இயலுமா?

ஓமந்தூர் தந்த விடை

இவ்வினாவுக்குத் தமிழகம் 1949-ஆம் ஆண்டிலேயே ஒரு விடையைத் தந்தது. அவ்விடையைத் தந்தவர் இப்பகுதியின் மண்ணில் தோன்றியவர். மரக்காணத்துக்கு அண்மையில், திண்டிவனத்தை அடுத்துள்ளது ஓமந்தூர். அவ்வூரில் பிறந்த ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக விளங்கினார்.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அக்காலச் சட்டப்படி, படைப்பாளர் மறைந்தபின் 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடித்தது. ஆகவே, பாரதியின் எழுத்துகளை உரிமையாளரின் இசைவின்றி அச்சிடவோ ஒலிப்பதிவு செய்யவோ பிறருக்கு வழியில்லை. விடுதலைக்காகப் பாடியவரின் பாடல்கள் விடுதலை பெற்ற நாட்டில் மக்களுக்குரியனவாக இருத்தல் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையைப் பெற்றிருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், விலை ஏதும் பெறாமல் அதனை அரசுக்கு வழங்கினார். நூல்களின் உரிமைக்காகப் பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு தொகை அளித்தது. இவ்வாறு 1949-இல் உரிமைகளைப் பெற்ற அரசு, சில ஆண்டுகளில் அவற்றை மக்களின் பொதுவுடைமை ஆக்கியது.

இந்நிகழ்வில் நாம் நோக்கத்தக்கவை இரண்டு. படைப்பாளரின் குடும்பம் வெறுங்கையுடன் விடப்படவில்லை. படைப்பும் பூட்டிவைக்கப்படவில்லை. பின்னாளில் தமிழக அரசு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கி, அவர்தம் மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கியதும் இவ்வழியைப் பின்பற்றியே ஆகும்.

திறந்த கல்வி வளம் என்பது யாது?

பாரதியின் படைப்புகளைப் பொதுவாக்க ஓர் அரசு முன்வர வேண்டியிருந்தது. இன்று ஓர் ஆசிரியர் தம் பாடநூலைத் தாமே பொதுவில் வைக்கலாம். அதற்கு அவர் தம் உரிமையை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. இன்னின்ன வகையில் இதனைப் பயன்படுத்தலாம் என முன்கூட்டியே எழுதித் தரும் இசைவே திறந்த உரிமம் எனப்படும். அவ்வுரிமத்துடன் வெளிவரும் பாடநூல், விரிவுரை, காணொலி, வினாத்தொகுப்பு, செய்முறைக் கையேடு முதலியன திறந்த கல்வி வளங்கள் ஆகும். இத்தொடரை யுனெஸ்கோ நிறுவனம் கூட்டிய கருத்தரங்கு 2002-இல் உருவாக்கியது. உறுப்பு நாடுகள் இவ்வளங்களை ஊக்குவிக்க வேண்டும் என்னும் பரிந்துரையை அந்நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் திறந்த வளங்கள் ஆகா. இலவசம் என்பது விலையைப் பற்றியது. திறந்தநிலை என்பது உரிமையைப் பற்றியது. திறந்த வளத்தைப் பெறுவோர்க்கு ஐந்து உரிமைகள் உண்டு என்பார் கல்வியாளர் டேவிட் வைலி. அவை, தம்மிடம் வைத்துக்கொள்ளுதல், மீண்டும் பயன்படுத்துதல், திருத்தியமைத்தல், பிறவற்றுடன் இணைத்தல், பிறர்க்கு வழங்குதல் என்பன. படிக்க மட்டும் இசைவு தரும் பக்கம் இவற்றுள் பலவற்றைத் தருவதில்லை.

உரிமத்தின் கூறுகள்

திறந்த உரிமங்களுள் பெருவழக்கில் உள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். இவை 2002-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டன. இவற்றின் கூறுகள் நான்கு.

1. பெயர் சுட்டல்: படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.
2. அவ்வாறே பகிர்தல்: மாற்றியமைத்த படைப்பையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.
3. வணிக நோக்கின்மை: ஈட்டம் கருதிப் பயன்படுத்தலாகாது.
4. மாற்றாமை: உள்ளது உள்ளவாறே வழங்க வேண்டும்.

படைப்பாளர் தமக்கு ஏற்ற கூறுகளை இணைத்து உரிமத்தை அமைத்துக்கொள்ளலாம். மாற்றாமை என்னும் கூறு இடம்பெறின், மொழிபெயர்த்து வெளியிடவும் இயலாது. எனவே, ஒரு பாடத்தைப் பயன்படுத்தும் முன் அதன் உரிமத்தைப் படித்தல் இன்றியமையாதது.

சட்டம் தரும் விலக்கும் உரிமம் தரும் உறுதியும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கற்பித்தலுக்கெனச் சில விலக்குகளை அளித்துள்ளது. அவ்விலக்கின் எல்லை யாது என்பது ஒரு வழக்கில் ஆராயப்பட்டது. பாடத்திட்டத்தில் குறித்த நூற்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து மாணவர்க்கு விற்றது தொடர்பாக, தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அங்கிருந்த நகலகம் ஒன்றின் மீதும் பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலின் பொருட்டு அவ்வாறு நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2016-இல் கூறியது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

மாணவர்க்கு அது பேருதவியே. ஆயினும், ஒரு தாளின் நகலுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திறந்த உரிமம் உள்ள நூலுக்கு இத்தகைய ஐயம் எழுவதில்லை. ஏனெனில், இசைவு நூலின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

இந்தியாவிலும் தமிழிலும்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் பொதுவாக வைப்பதாக 2001-இல் அறிவித்தது. இந்தியாவில் ஐ.ஐ.டி.க்கள் ஏழும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தை 2003-இல் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. அதில் முதன்மைப் பங்காற்றி வருகிறது. பொறியியல், அறிவியல் பாடங்களின் விரிவுரைகளைக் காணொலிகளாக எவரும் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்துவர். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் ஆக்கப்பட்டுள்ளது. 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பெறும் மதிப்பெண்களைக் கல்லூரிகள் தம் பட்டப்படிப்பில் ஏற்றுக்கொள்ளவும் பல்கலைக்கழக மானியக் குழு வழிவகுத்துள்ளது.

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு முன்னோடியாக அமைந்தது மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய இம்முயற்சியைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் ஏற்றினர். 2001-இல் தமிழக அரசு நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக மின்னூலகத்தைப் பேணி வருகிறது. நாட்டுடைமை நூல்கள் பல அங்கே படிக்கக் கிடைக்கின்றன. அன்று செய்த பொதுவுடைமைதான் இன்றைய மின்னூலகத்தின் அடித்தளம்.

உலகப் பாடம் உள்ளூர்ப் பாடமாதல்

திருத்தும் உரிமையால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். படிகமாதல் என்பது வேதியியல் பாடப்பகுதி. உவர்நீர் ஆவியாகும்போது உப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியும். முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும், அதன்பின் சோடியம் குளோரைடும் பிரியும். மக்னீசிய உப்புகள் எஞ்சிய கசப்பு நீரில் தங்கிவிடும். இதனை விளக்கும் அயல்நாட்டு நூலில் அயல்நாட்டு ஏரியே சான்றாக இருக்கும்.

அந்நூல் திறந்த உரிமம் உடையதாயின், கல்லூரி ஆசிரியர் அதனைத் தமிழாக்கி, அவ்வேரியின் இடத்தில் மரக்காணத்துப் பாத்திகளை வைக்கலாம். உப்பளத் தொழிலாளர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவி, தன் பெற்றோர் நாள்தோறும் செய்யும் தொழிலையே அப்பாடத்தில் காண்பாள். எந்த நிலையில் நீரை வடிக்காவிட்டால் உப்பு கசக்கும் என்பதை அவள் வீட்டிலேயே கேட்டறிந்திருப்பாள். அந்த அனுபவ அறிவும் நூலில் ஏறும். பெறுவது மட்டுமன்றித் தருவதும் அப்போது நிகழும்.

தீராத சிக்கல்கள்

இவ்வழியில் இடர்கள் இல்லாமல் இல்லை. உயர்கல்விக்கான திறந்த வளங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. கலைச்சொல் ஒருமைப்பாடு இல்லையெனில் மொழிபெயர்ப்பு பயன்தராது. கைப்பேசியும் இணையமும் இல்லாத வீட்டுக்கு இலவச நூலும் எட்டாதது. எவரும் திருத்தலாம் என்பதால் பிழையும் நுழையலாம். அதனைச் சரிபார்க்கும் அறிஞர் குழு தேவை. பாடம் எழுதும் ஆசிரியரின் உழைப்பைக் கல்லூரி கணக்கில் கொள்ளாவிடில், அப்பணி சிலருடைய தொண்டாகவே நின்றுவிடும். வரப்பு கட்டுவோர்க்குக் கூலி இல்லையெனில் அளம் நிலைக்காது. பொதுவில் வைக்கும் நூலுக்கும் யாரேனும் செலவு செய்தே ஆக வேண்டும். அச்செலவை ஏழை மாணவரிடம் வாங்காமல் அரசும் கல்வி நிறுவனங்களும் ஏற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

நம் பங்கு

இன்னும் ஈராண்டில் நீங்கள் கல்லூரியில் பயில்வீர்கள். அங்கே ஒரு நூலின் விலை உங்களை மலைக்கச் செய்யலாம். அப்போது அப்பாடத்துக்குரிய திறந்த நூல் உண்டா எனத் தேடுங்கள். அதன் உரிமத்தைப் படியுங்கள். பயன்படுத்தினால் எழுதியவர் பெயரைக் குறிப்பிடுங்கள். நீங்கள் தெளிவாக அறிந்த ஒரு பகுதியைத் தமிழில் எழுதி, உங்களுக்குப் பின் வருவோர்க்கு வைத்துச் செல்லுங்கள். அயல்நாட்டில் இருந்துகொண்டு இரவில் கண்விழித்துத் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தவர்கள், அவற்றைப் படிக்கப்போகும் மாணவர் யாரென அறியமாட்டார்கள். அறியாதவர்க்காக உழைக்கும் அக்கடமையில் இனி உங்களுக்கும் பங்குண்டு.

தெரியுமா?

இந்தியாவில் இன்றுள்ள சட்டப்படி, நூலாசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை அவர் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. அதன்பின் அந்நூல் பொதுவுடைமை ஆகும்.

கற்பவை கற்றபின்

1. இலவச நூலுக்கும் திறந்த உரிமம் உடைய நூலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. உங்கள் ஊரின் தொழில் ஒன்றைச் சான்றாகக் கொண்டு, அறிவியல் பாடப்பகுதி ஒன்றை ஒரு பக்க அளவில் தமிழில் எழுதுக.
3. 'படைப்பாளரின் உரிமையும் படிப்போரின் தேவையும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.