கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்



பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், அன்று லயத்து வாசலில் முளைத்த கீழாநெல்லி நம்மை விட்டுப் போகவில்லை. ஈப்போ நகரத்து வீடுகளின் கால்வாய் ஓரத்திலும் அதைக் காணலாம்.

அதன் கிளையொன்றைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில் சின்னஞ்சிறு காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய்ப்பதால் கீழாநெல்லி. மலாய்க்காரர் இதனை 'டுக்கோங் அனாக்' என்பர். பிள்ளையை முதுகில் சுமத்தல் என்பது பொருள். இரு மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டே பெயரிட்டனர். தென் அமெரிக்காவிலோ இவ்வினச் செடிக்குக் 'கல்லுடைப்பான்' என்று பெயர். சிறுநீரகக் கல்லை உடைக்கும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஆக, சில பெயர்கள் உருவத்தைச் சொல்லும். சில பெயர்கள் நம்பிக்கையைச் சொல்லும்.

நம்பிக்கை சில வேளை ஏமாற்றிவிடும். ஐரோப்பாவில் செலண்டைன் என்றொரு காட்டுச் செடி உண்டு. தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். மஞ்சள் நோய்க்கு மஞ்சள் பாலே மருந்து என்று அக்காலத்தவர் கருதினர். ஆனால் அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டதைப் பிற்கால மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

நம் கீழாநெல்லியின் கதை என்ன? சென்னையில் நடந்த ஆய்வொன்று 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு இதன் பொடி தரப்பட்டது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால் பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை.

அப்படியானால், பாட்டி மோரில் அரைத்துக் கொடுத்துக் குணமானது பொய்யா? பொய்யன்று. அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ காமாலை, பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பெருமை செடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

எல்லாக் காமாலையும் அவ்வாறு தணிவதில்லை. பித்தக் கல்லாலும் கண் மஞ்சளாகும். தோட்டங்களில் எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சலிலும் மஞ்சளாகும். அது உயிரையே பறிக்கக்கூடும். பச்சிளங் குழந்தைக்கு மஞ்சள் மிகுந்தால் மூளை பழுதுபடும். இங்கெல்லாம் பத்தியம் காத்துக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

ஆகவே, தாய்மார்களே, கண் மஞ்சளானால் முதலில் கிளினிக்கிற்குச் சென்று இரத்தத்தைச் சோதியுங்கள். மூலிகை குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மலேசியக் குழந்தைகளுக்கு 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: களைக்கொல்லி தெளித்த இடத்தில் எந்தக் கீரையையும் பறிக்காதீர்கள். பராகுவாட் 2020இல் தடைசெய்யப்பட்டாலும், வேறு களைக்கொல்லிகள் இன்றும் தெளிக்கப்படுகின்றன.

கீழாநெல்லியை நம் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுவோம். ஆனால், நோய் எதுவென்று அறிவது முதல் மருந்து என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.