கனவிற் சிக்கிய இயந்திரத் தேர்

பந்தயத்தில் ஓடும் இயந்திர வீரன் ஒருவன். வேற்றுலகிலிருந்து வந்த பகைவன் அவனுட் புகுந்து அவனை ஒரு கனவிலே பூட்டிவிடுகின்றான். கனவுக்குள் அவன் ஓடிக்கொண்டே இருக்கின்றான். வெற்றிமேல் வெற்றியும் பெறுகின்றான். வெளியிலோ அவன் உடல் அசைவற்றுக் கிடக்கின்றது. இத்தகைய கதைகளை எம் கல்லூரிக் கீழ்வகுப்பு மாணவர் சித்திரப் புத்தகங்களிற் படிக்கின்றனர், திரையிலும் காண்கின்றனர். பெற்றோருட் சிலர் இதனை வீண்பொழுது என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. இக்கதையை உரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பொருள்கள் கிடைக்கின்றன: தானே செல்லும் ஊர்தி, கனவு, உட்புகும் பகை. இம்மூன்றும் ஒருங்கமைந்த கதை தமிழில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உண்டு. அதனினும் வியப்பு, இம்மூன்றையும் இன்றைய விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் மெய்யாகவே செய்துபார்த்து வருவதாகும். பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுமென எண்ணி, இம்மலரின் சில பக்கங்களை அதனை விளக்குதற்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதலிற் பெயரை நோக்குவோம். சொல்லைத் தொடாது பொருளைத் தொடுதல் தமிழாசிரியர்க்கு இயலாத செயலன்றோ! 'றோபோ' என இன்று உலகெங்கும் வழங்குஞ் சொல்லைத் தந்தவர் செக் நாட்டு நாடகாசிரியர் காரல் சாப்பெக். 1920இல் அவர் எழுதி, அடுத்த ஆண்டு பிராக் நகரில் அரங்கேறிய நாடகத்தில் மனிதருக்காக உழைக்கும் செயற்கை உயிர்கள் வருகின்றன. அவற்றுக்கு இப்பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தமையனாராகிய ஓவியர் யோசப் சாப்பெக். செக் மொழியில் அதன் வேர்ச்சொல் ஆண்டைக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். இராசகாரியம் என்னும் ஊழியமுறையை அறிந்த கண்டி நாட்டார்க்கு இப்பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும், வீதிவேலைக்கு ஆண்டொன்றுக்கு ஆறு நாள் உடலுழைப்புத் தருக, அன்றேல் மூன்று சிலிங்கு இறுக்க என ஆங்கில அரசு 1848இல் விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அவ்விதியும் ஒரு காரணமாயிற்று. ஆகவே 'றோபோ' என்பதன் உட்பொருளை எதிர்த்து இம்மண் அச்சொல் பிறக்குமுன்பே எழுந்து நின்றது என்று சொல்லலாம். தமிழில் இயந்திர மனிதன் என்கின்றோம், எந்திரன் என்கின்றோம். இவற்றில் அடிமைப்பொருள் இல்லை. அஃது எமக்கு உவப்பே. ஆயினும் பழந்தமிழார் ஆண்ட 'பொறி' என்னுஞ் சொல்லே எல்லாவற்றினும் சிறந்ததென்பது எம் கருத்து. பொறி என்பது இயந்திரமுமாம். கண் காது முதலிய புலன்வாயிலுமாம். விலங்கை அகப்படுத்தும் கண்ணியுமாம். இக்கட்டுரைக்கு வேண்டிய மூன்று பொருளும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றன.

இனித் தமிழ்க் கதைக்கு வருவோம். திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணியை மாணவர் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றென்று மனனஞ் செய்து வைத்திருப்பர். உள்ளே புகுந்து பார்ப்பவர் சிலரே. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் தன் தேவி விசயைபாற் கொண்ட காதல் மிகுதியால் ஆட்சிப் பொறுப்பை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்புவித்தான். விசயை ஒரு கனவு கண்டாள். அசோக மரம் ஒன்று வீழ்ந்தது. அதன் அடியிலிருந்து ஒரு முளை எழுந்தது. அம்முளையில் முடியும் எட்டு மாலைகளும் தோன்றின. முளை என்பது பிறக்கவிருக்கும் மகன் என்றும், எட்டு மாலைகள் அவன் மணக்கும் மங்கையர் என்றும் மன்னன் பொருள் கூறினான். வீழ்ந்த மரத்துக்குப் பொருள் சொல்ல அவன் நாவெழவில்லை. அம்மரம் அவனேயாம். அதன்பின் அவன் செய்த செயல் நோக்கத்தக்கது. வானிற் பறக்கும் மயிற்பொறி ஒன்றைத் தச்சரைக்கொண்டு அமைப்பித்து, அதனைச் செலுத்தும் முறையைத் தேவிக்குப் பயிற்றுவித்தான். பொறியை வலப்பக்கம் திருகின் அஃது எழுந்து பறக்கும். இடப்பக்கம் திருகின் இறங்கி நிற்கும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது, கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்பினாள்.

இங்கே யாம் வகுப்பில் எப்போதும் சற்று நிறுத்துவதுண்டு. வானிற் செல்கையில் பகைவனின் வெற்றி முரசம் அவள் செவியில் விழுகின்றது. கணவன் மாண்டான் என்பதை உணர்ந்து அவள் மயங்குகின்றாள். செலுத்துவோள் அறிவிழந்த நிலையிற் பொறி என்ன செய்யும்? காப்பியப் பொறி மெல்ல இறங்கி நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் நிற்கின்றது. அங்கேதான் சீவகன் பிறக்கின்றான். செலுத்துவோர் அறிவிழந்தால் ஊர்தி யாது செய்தல் வேண்டும் என்ற கேள்வியை இன்று மோட்டார்க் கார் செய்வோர் கோடிக்கணக்கிற் செலவிட்டு ஆராய்கின்றனர். திருத்தக்க தேவர் ஒரு பாட்டு அளவிலே அதனை எழுப்பிவிட்டுப் போய்விட்டார். பெருங்கதையில் உதயணனை அகப்படுத்த அவந்தி மன்னன் விடுத்த இயந்திர யானையும் உண்டு. ஆனால் அதன் வயிற்றுள் வீரர் ஒளிந்திருந்தமையால் அஃது எம் ஆராய்ச்சிக்கு முற்றும் ஒவ்வாது.

காப்பியத்தை விட்டு மண்ணுலகுக்கு வந்தால், ஆளில்லா ஊர்திகளுக்கான முதற் பெரும் பந்தயத்தை ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமாகிய டார்ப்பா 2004 மார்ச்சு 13இல் மொகாவிப் பாலைவனத்தில் நடத்தியது. பாதை 140 மைலுக்கு மேற்பட்டது. புறப்பட்ட 15 ஊர்திகளுள் ஒன்றேனும் முடிவை எட்டவில்லை. மிகுதியாகச் சென்ற கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தாரின் ஊர்தி ஏழு மைல் கடந்ததும் ஒரு கொண்டையூசி வளைவின் விளிம்பில் ஏறி, சில்லுகள் வீணே சுழலச் சிக்கிக்கொண்டது. இரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் நோக்கி ஏறும் வீதியை அறிந்த பழைய மாணவர் இதைக் கேட்டு நகைப்பர், நகைக்கட்டும். மறுவருடம் ஒக்டோபரில் நடந்த பந்தயத்தில் ஐந்து ஊர்திகள் 132 மைலையும் ஓடி முடித்தன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தாரின் 'ஸ்டான்லி' ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் முதலில் வந்தது. 2021 ஒக்டோபரில் இந்தியானாபொலிஸ் பந்தயத் தடத்தில் மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தாரின் ஆளில்லாக் கார் மணிக்கு 218 கிலோமீற்றர் அளவான சராசரி வேகத்தில் ஓடி வென்றது.

ஓட்டம் விளங்கிற்று. கனவு எங்ஙனம் வந்தது? இதுவே எம் கட்டுரையின் நடுப்பகுதி. மாணவர் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகின்றோம்.

ஓர் இயந்திரத்துக்கு ஓட்டம் பழக்க வேண்டுமாயின் அது பல்லாயிரந்தடவை தவறவேண்டும். ஒவ்வொரு தவற்றுக்கும் ஒரு கார் உடைந்தால் எவருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே கணினிக்குள் ஒரு பொய்யுலகைச் சமைத்து அதில் ஓடவிடுவர். 2018இல் டேவிட் ஹா, யேர்கன் சிமிட்ஹூபர் என்னும் இருவர் இதற்கும் ஒருபடி மேலே சென்றனர். பொய்யுலகை மனிதர் சமைத்துக் கொடாமல் இயந்திரமே தனக்குச் சமைத்துக்கொள்ளட்டும் என்றனர். அவர்தம் இயந்திரத்துக்கு மூன்று உறுப்புகள். கண் போன்ற முதலுறுப்பு தான் காணும் காட்சியைச் சில எண்களாகச் சுருக்கும். கார்ப் பந்தயத்துக்கு 32 எண்களே போதுமாயின. நினைவு போன்ற இரண்டாவது உறுப்பு, இப்பொழுது இவ்வாறிருந்தால் அடுத்த கணம் எவ்வாறிருக்கும் என்று ஊகிக்கும். மூன்றாவது உறுப்பு, வலம் திரும்புக, இடம் திரும்புக, விரைக என்று ஏவும். இம்மூன்றாவது மிகச் சிறியது. கண்ணை மூடிவிட்டாலும் நினைவு ஓய்வதில்லை; தன் ஊகத்தையே அடுத்த காட்சியாக ஏற்று மேலும் ஊகிக்கும். அப்பொழுது இல்லாத வீதி ஒன்று விரியும். இல்லாத வளைவுகள் வரும். இதனையே அவ்விருவரும் கனவு என்றனர். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என்று அவத்தைகளைப் படித்தவர்க்கு இப்பெயர் பொருந்துமா என்ற ஐயம் எழும். உணர்வில்லாத ஒன்றுக்குக் கனவு ஏது என்று கேட்பர். நியாயமான கேள்வியே. ஆயினும், வெளியிலிருந்து ஒன்றும் வாராத வேளையில் உள்ளிருந்தே உலகு தோன்றுதலைச் சொல்ல வேறு சொல் எமக்கும் அகப்படவில்லை.

அவர்கள் இன்னொரு விளையாட்டிலும் சோதித்தனர். ஓர் அறையின் எதிர்ப்புறத்தில் அரக்கர் நின்று தீயுருண்டைகளை எறிவர். இப்புறத்திலுள்ள இயந்திரம் விலகி விலகி உயிர்தப்ப வேண்டும். இதற்கான பயிற்சி முழுவதையும் கனவிலேயே நடத்தினர். என்ன நிகழ்ந்தது? கனவிலே இயந்திரம் ஒரு சூழ்ச்சியைக் கண்டுகொண்டது. குறித்த ஒரு வகையில் அசைந்தால் கனவின் அரக்கர் தீயுருண்டையை எறிவதேயில்லை. உண்மையில் அரக்கர் எறிவார்கள். கனவின் ஊகத்திலிருந்த ஓட்டையால் மட்டுமே எறியவில்லை. இயந்திரம் அவ்வோட்டைக்குள் இனிதே குடியேறிவிட்டது. கனவில் அது பெற்ற புள்ளி 2086. விழித்து உண்மை விளையாட்டில் இறங்கியபோது 193. ஒன்றுமே கற்காது மனம்போனவாறு அசைந்த இயந்திரமும் 210 பெற்றதென்பதை நோக்குக! சித்திரக் கதையில் வந்த வீரன் கனவில் வென்றுகொண்டே கிடந்தான் அன்றோ? அவனைப் பூட்டப் பகைவன் வரவேண்டியதில்லை. எளிய கனவே பூட்டாயிற்று.

இதற்கு அவர்கள் கண்ட மாற்று எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கனவை மேலுந் தெளிவாக்கவில்லை, கலக்கினர். ஊகத்தில் நிச்சயமின்மையைக் கூட்டி, அடுத்து என்ன வருமென்று சொல்லமுடியாத அளவுக்குக் கனவைக் கடினமாக்கினர். அப்போது கனவிற் பெற்ற புள்ளி 918 ஆகக் குறைந்தது. உண்மையில் 1092 ஆக உயர்ந்தது. கலக்கமும் அளவு கடந்தால் கற்றல் நிகழாது என்பதையுங் கண்டனர். ஆசிரியத் தொழிலுக்கு இது புதுச் செய்தியன்று. கடந்தகால வினாத்தாள்களையே உருவேற்றி வீட்டில் எண்பதும் தொண்ணூறும் எடுத்து, பரீட்சை மண்டபத்தில் வினாவின் முகம் சற்று மாறியதும் திகைத்திருக்கும் பிள்ளைகளை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்கள் அறிவு குறைந்தவரல்லர். எளிய கனவிற் பயின்றவர். இத்தகைய பயிற்சியைக் காசுக்கு விற்கும் வகுப்புகள் ஊர்தோறும் பெருகியிருப்பதைப் பெற்றோர் சிந்திக்கவேண்டும் என்பதற்கு மேல் இங்கே யாம் சொல்லப் புகவில்லை.

மூன்றாவது பொருளாகிய உட்புகும் பகைவன் எஞ்சியிருக்கின்றான். வேற்றுலகத்தான் ஒருவனையும் இதுவரை எவருங் கண்டதில்லை. ஆயின் இயந்திரத்தின் அறிவுக்குள் வேற்றுப்பொருள் புகுதல் கண்கூடு. 2020 ஒக்டோபரில் நடந்த ஆளில்லாக் கார்ப் பந்தயம் ஒன்றிற் புறப்பட்ட கார், அசையத் தொடங்கியவுடன் வலப்பக்கம் திரும்பி நேரே மதிலில் மோதிற்று. ஆராய்ந்தபோது, முன்னோட்டச் சுற்றிலேயே திசைமாற்றும் கணக்கினுள் 'எண்ணல்லாதது' எனக் கணினி குறிக்கும் ஒரு குறி புகுந்துவிட்டதும், அதனால் திசைச்சக்கரம் வலப்பக்கக் கடைசியிற் பூட்டுண்டதும் தெரியவந்தன. விசயையின் பொறியை வலம் திருகினால் வானேறும். இதனை வலம் திருகியது மதிலேற்றிற்று. பகைவன் கருதிப் புகுத்தும் மயக்கமும் உண்டு. 2019இற் சீன நாட்டு ஆய்வாளர் சிலர் வீதியிலே மூன்று சிறிய ஒட்டுத்தாள்களை ஒட்டி, தானே செல்லும் பெயர்பெற்ற மின்கார் ஒன்றை எதிர்வரும் வாகனத்துக்குரிய பக்கத்துக்குத் திருப்பிக் காட்டினர். அவர்கள் அதனைச் செய்தது கேட்டை முன்னறிந்து தடுத்தற்பொருட்டே. மனிதக் கண்ணுக்கு அவ்வொட்டுத்தாள் வெறும் புள்ளி. இயந்திரத்தின் கண்ணுக்கோ அது வீதியின் கோடு. அந்நொடியில் இயந்திரம் தான் கற்பித்துக்கொண்ட வேறொரு வீதியிற் சென்றுகொண்டிருந்தது. இதைக் கனவு என்னாது வேறெங்ஙனம் சொல்வது?

எம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதிவரும். வடம் பிடிப்போர் எத்தனை நூற்றுவராயினும், சில்லின் அருகே கட்டையுடன் குனிந்து நடக்கும் சிலரிடமே தேரின் திசையும் நிறுத்தமும் உள்ளன. அவர்கள் கண் ஒருநொடியேனும் சில்லைவிட்டு அகலாது. தாமே செல்லும் ஊர்திகளைச் செய்வோரும் இப்போது அத்தகைய காவலைத் தேடுகின்றனர். தன் ஊகமும் தான் காணும் காட்சியும் ஒவ்வாதபோது அதனை உணர்ந்து விரைவைக் குறைக்கும் உறுப்பொன்றை அமைப்பது அவர்தம் முயற்சிகளுள் முதன்மையானது.

2023 ஓகஸ்டில் வெளிவந்த 'நேச்சர்' ஆய்விதழில், சூரிச் பல்கலைக்கழகத்தார் அமைத்த 'சுவிப்ட்' என்னும் சிறு பறக்கும் பொறி பந்தயத்தில் மனித வீரர் மூவரை வென்ற செய்தி வந்தது. அதன் பயிற்சி முழுவதும் கணினிக்குள்ளேயே, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அவர்களும் உண்மைப் பறப்பில் அளந்தறிந்த பிழைகளையும் தடுமாற்றங்களையும் அப்பொய்யுலகினுட் கலந்தே பயிற்றினர். 25 ஓட்டங்களில் 15ஐ அது வென்றது. மனிதர் கண்டு கையசைக்க ஏறக்குறைய 220 மில்லிசெக்கன் செல்ல, அதற்கு 40 போதுமாயிருந்தது. எனினும் ஆய்வாளர் ஒன்றை மறையாது எழுதியிருந்தனர். வாயிலில் முட்டிய மனிதன், பொறி உடையாதிருந்தால், மீண்டெழுந்து பறந்து பந்தயத்தை முடிக்கின்றான். முட்டியபின் மீள்வதைச் 'சுவிப்ட்' அறியாது. அதன் கனவில் எவரும் அதனைக் கற்பித்திருக்கவில்லை.